"எந்த விளக்கமும் கேட்காமல்": நெல்லைச் சீமைப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோர்களுக்கும், கல்வித்துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் கணக்கு டீச்சர். 1986இல் வேலைக்குச் சேர்ந்து 2019இல் ஓய்வு பெற்றேன். 33 வருஷமும் தாமிரபரணிப் பாசன ஊர்களில்தான் வேலை. வாழைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகள், வயற்காரர்களின் பிள்ளைகள், கடைக்காரர்களின் பிள்ளைகள் எல்லாரும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவர்களில் சிலர் இன்று உங்கள் பள்ளிகளில் ஆசிரியர்கள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு தீர்மானத்தை வாசித்தார்கள். "பள்ளி வளாகத்துக்குள் ஆயுதமோ, ஆயுதமாகப் பயன்படக்கூடிய கூர்மையான பொருளோ வைத்திருக்கும் மாணவருக்கு, எந்த விளக்கமும் கேட்காமல், அன்றே மாற்றுச் சான்றிதழ் வழங்கப்படும்." வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். "இதுக்குப் பேர்தான் ஜீரோ டாலரன்ஸ். அமெரிக்காவிலயே இப்படித்தான்" என்றார் ஒருவர். அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. இதே வாசகத்தைப் பக்கத்துப் பள்ளிகளும் வாங்கிக்கொண்டு போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் ஒரு பள்ளிக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

அன்றைக்குக் கைதட்டியவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அது பயத்தில் வந்த கைதட்டல். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் ப்ளஸ் டூ படித்த பட்டியலினப் பையன் ஒருவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுத பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ப்ளஸ் ஒன் பையனை, பஸ்ஸை மறித்து இறக்கி வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. அடுத்த மாதமே, ஏப்ரல் 15 அன்று, பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பையன் பையில் அரிவாள் கொண்டுவந்து வகுப்பிலேயே சக மாணவனை வெட்டினான். குறுக்கே போன டீச்சருக்கும் வெட்டு விழுந்தது. பென்சிலில் தொடங்கிய சண்டை என்றார்கள். இதையெல்லாம் டிவியில் பார்த்த எந்தத் தாய்தான் மறுநாள் காலையில் பிள்ளைக்குத் தைரியமாகத் தலை வாரிவிடுவாள்?

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குள் அரிவாள் வரக் கூடாது. கத்தி வரக் கூடாது. வந்தால் அந்த நிமிஷமே பிடுங்கி, பூட்டி வைத்து, பெற்றோரை வரவழைத்து, போலீசுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. என் சண்டையெல்லாம் தீர்மானத்தில் உள்ள மூன்று சொற்களோடுதான். "எந்த விளக்கமும் கேட்காமல்."

அந்தக் கூட்டத்துக்கு முந்தின வாரம் அந்தப் பள்ளியில் பைச் சோதனை நடந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பையில் கத்தரி கிடைத்தது. பீடி இலை வெட்டும் கத்தரி. மழுங்கிப்போயிற்று, சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டுப் போ என்று அம்மா கொடுத்துவிட்டிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் சாணைக்காரர் அன்றைக்கு வரவில்லை. கத்தரி பையோடு பள்ளிக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளையைச் சாயங்காலம் வரை ஆபீஸ் ரூம் வாசலில் நிறுத்தினார்கள். அம்மா வந்து மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கத்தரியை நான் பார்த்தேன், தலைமையாசிரியர் மேஜையில் கிடந்தது. கைப்பிடி இரண்டிலும் பழைய சேலைத் துணியைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. நாள் முழுக்க வெட்டினால் கட்டைவிரல் காய்த்துப்போகும், அதற்காகச் சுற்றுகிற துணி. துணியில் புகையிலை வாடை.

தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை என்பதால் அந்தப் பிள்ளை கடிதத்தோடு தப்பித்தாள். நிறைவேறியிருந்தால் அன்றைக்கே டீசி. ஆலங்குளம், முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றாத தெருவே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாதா? உடன்குடி, திசையன்விளைப் பக்கம் போனால் பனையேறுகிறவரின் பாளை அரிவாள் வீட்டுச் சுவரில் தொங்கும். களக்காட்டில் வாழைத்தார் வெட்டும் அரிவாள் இல்லாத வீடு எது? சுடலைமாடன் கோயிலுக்கு அரிவாள் நேர்ந்து கொடுக்கிற சனம் நாம். வீட்டுக்கும் வயலுக்கும் என்றே செய்த பொருட்களை 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம்கூட ஆயுதம் என்ற சொல்லுக்கு வெளியே வைத்திருக்கிறது. "ஆயுதமாகப் பயன்படக்கூடிய கூர்மையான பொருள்" என்று எழுதினால், 33 வருஷமும் பிள்ளைகளை நான் வாங்கி வரச் சொன்ன ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கவராயத்தின் முள்ளும் அதற்குள் வந்துவிடும்.

கத்தரியை விடுங்கள், அது தவறுதலாக வந்தது. நிஜமான அரிவாளே வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு முடிந்து கிராஃப் நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். கிராஃப் சரியாக இருந்தது. ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தான்: "கடைசி பெஞ்ச். நீலப் பை. பாருங்க டீச்சர்." நான் படித்து நிமிர்ந்ததும் நோட்டை இழுத்து ரப்பரால் அழித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இடத்துக்குப் போய்விட்டான். அவன் கை நடுங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நீலப் பையில் அரிவாள் இருந்தது. முழங்கை நீளம் இருக்கும். துண்டில் சுற்றி, ரேஷன் பைக்குள் வைத்து, மேலே சயின்ஸ் ரெக்கார்டு நோட்டு. அலகு முழுக்க வாழைக்கறை, கருப்பாகப் படிந்து போன கறை. அப்பாவின் தொழில் அரிவாள். அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அன்று சாயங்காலம் நாலரை மணிக்குள் டீசி எழுதியாகிவிட்டது. அப்போது எங்களிடம் எழுத்தில் தீர்மானம் எதுவும் இல்லை. ஆனால் எல்லார் மனதிலும் அதே தீர்மானம்தான் இருந்தது. என் மனதிலும் இருந்தது. எதற்குக் கொண்டுவந்தாய் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் அப்பா லுங்கியை இறக்கிவிட்டு, கைகட்டி நின்று, டீசியை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஆறு மாதம் கழித்துக் கோயில் கொடையில் அவன் அம்மாவைப் பார்த்தேன். அவளாகத்தான் பேசினாள். "வாய்க்கா பாலத்துல மூணு பேரு நின்னு தெனமும் மறிச்சிருக்கானுவ டீச்சர். செருப்பக் கழத்திட்டுப் போடான்னுருக்கானுவ. ரெண்டு வாரமா கையில செருப்போடதான் பள்ளிக்கூடம் வந்திருக்கான். அவங்க அய்யாட்ட சொன்னா, நாம இந்த ஊர்ல பொழைக்கணும்ல, பேசாம போன்னுட்டாவ. அதான் எடுத்துட்டு வந்துட்டான். வெட்ட எடுக்கல டீச்சர். பயந்து எடுத்தான்." பையன் எங்கே என்று கேட்டேன். மும்பையில் கடை வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதவில்லை.

கையில் செருப்போடு இரண்டு வாரம் என் வகுப்புக்கு வந்திருக்கிறான். வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்திருப்பான். நான் பார்க்கவில்லை. பாலத்தில் நின்ற மூன்று பேரில் இருவர் எங்கள் பள்ளிப் பையன்கள். அவர்கள் பரீட்சை எழுதி, ப்ளஸ் ஒன்னும் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பையில் ஒன்றும் இல்லையே, எப்படிப் பிடிபடுவார்கள்?

ஓரத்தில் எழுதிக் காட்டிய பையனுக்கு என்ன நடந்தது என்பதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது. எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. "போட்டுக்குடுத்தவன்" என்று பேர் வந்தது. அவனோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. கூட்டாளி தாக்கப்பட்டுவிடக் கூடாது, கூட்டாளி யாரையும் வெட்டிவிடக் கூடாது என்று என்னிடம் வந்தவன் அவன். அவன் கூட்டாளியைத்தான் நாங்கள் அன்று சாயங்காலமே வெளியே அனுப்பினோம். அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் கத்தி வந்து ஒரு பையனுக்குக் கையில் பத்துத் தையல் போட வேண்டியதாயிற்று. முன்கூட்டியே யாருக்கெல்லாம் தெரியும் என்று வகுப்பில் கேட்டேன். முதலில் மௌனம். பிறகு ஒரு பெண்பிள்ளை எழுந்து, "எல்லாருக்கும் தெரியும் டீச்சர், ஒரு வாரமா தெரியும். சொன்னா டீசி குடுத்துருவீயல்லா" என்றாள்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். கேள்வி கேட்காமல் டீசி கொடுக்கும் பள்ளியில், பிள்ளைகள் ஆசிரியரிடம் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். பேச்சு நின்றுவிட்டால், அரிவாள் வருவது வெட்டு விழுந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

அமெரிக்காவைப் பற்றிச் சொன்னார்களே, அதையும் பார்த்துவிடலாம். அங்கே 1994இல் துப்பாக்கியற்ற பள்ளிகள் சட்டம் வந்தது. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தால் குறைந்தது ஒரு வருஷம் வெளியேற்றம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் விஷயத்தையும் தனியாகப் பார்த்துத் தண்டனையை மாற்றும் அதிகாரத்தையும் அதே சட்டம் பள்ளி நிர்வாகத்துக்குக் கொடுத்தது. பல பள்ளிகள் முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மறந்தன. துப்பாக்கிக்குப் போட்ட விதியைக் கத்தி, பொம்மை, கரண்டி என்று நீட்டிக்கொண்டே போனார்கள். 2009இல் டெலவேர் மாநிலத்தில், முகாமுக்குக் கொண்டுபோகும் கத்தி, கரண்டி, முள்கரண்டி சேர்ந்த மடக்குச் சாமானை மதியச் சாப்பாட்டுக்கு என்று எடுத்துவந்த ஆறு வயதுக் குழந்தைக்கு 45 நாள் சீர்திருத்தப் பள்ளி என்று தண்டனை விதித்தார்கள். ஊரே கொதித்த பிறகு விதியைத் திருத்தினார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் ஒரு குழுவை வைத்து இந்த முறையை ஆராய்ந்து பார்த்தது. 2008இல் அச்சான அந்த அறிக்கை, இதனால் பள்ளிகள் பாதுகாப்பாக ஆயின என்று காட்டச் சான்று இல்லை என்று சொன்னது.

நமக்கு அதைவிட முக்கியமான பாடம் 2002இல் வந்த இன்னொரு ஆய்வில் இருக்கிறது. அதிபருக்குக் காவல் நிற்கும் அந்த நாட்டு சீக்ரெட் சர்வீஸ் என்ற காவல் அமைப்பும் கல்வித்துறையும் சேர்ந்து, பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை எடுத்து ஆராய்ந்தார்கள். 81 சதவீதத் தாக்குதல்களில், தாக்கியவனின் எண்ணம் முன்கூட்டியே குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவனோடொத்த பிள்ளைகள். அந்த ஆய்வைப் படித்த ராத்திரி எனக்கு அந்தப் பொடி எழுத்து ஞாபகம் வந்து தூக்கம் வரவில்லை. வர்ஜீனியா மாநிலத்தில் 2013 முதல் பள்ளிகளில் இப்படி வரும் மிரட்டல்களை விசாரிக்க என்றே குழு வைக்கச் சட்டம் இருக்கிறது. ஆசிரியர், நிர்வாகி, மனநல ஆலோசகர், போலீஸ் துறை அனுபவம் உள்ளவர் என்று சேர்ந்து உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். கோபத்தில் வாய்விட்ட பேச்சா, ஏற்பாட்டோடு இருக்கிறானா என்று பிரித்துப் பார்க்கிறார்கள். ஆகவே அமெரிக்காவைப் பின்பற்றுவதென்றால், அவர்கள் விட்டுவிட்டு வந்த இடத்தை விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்திருக்கும் இடத்தைப் பின்பற்றுவோம்.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளைவிட மூன்று மடங்கு விகிதத்தில் இடைநீக்கமும் வெளியேற்றமும் பெற்றார்கள் என்று அந்நாட்டுக் கல்வித்துறையே கணக்குச் சொன்னது. எல்லாருக்கும் ஒரே விதி என்றுதான் அங்கேயும் எழுதி வைத்திருந்தார்கள். நம்மூரில் அந்த விதி யார் தலையில் விழும்? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். ஒரு பையனுக்கு டீசி என்றால் அவன் பெரியப்பா பத்து பேரோடு காரில் வந்து இறங்குவார். பள்ளிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர், காம்பவுண்டுச் சுவர் கட்டிக் கொடுத்தவர். டீசி எச்சரிக்கையாகச் சுருங்கிவிடும். இன்னொரு பையனின் அப்பா லுங்கியை இறக்கிவிட்டுக் கைகட்டி நிற்பார். விளக்கம் கேட்காத விதி, விளக்கம் சொல்லிக் காப்பாற்ற ஆள் இல்லாதவனை மட்டுமே பிடிக்கும். நான் கண்ணால் பார்த்தது இது.

சாதி என்ற சொல்லை அன்றைய கூட்டத்தில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அரிவாளைப் பற்றிப் பேசினோம், அரிவாள் யாருக்கும் யாருக்கும் நடுவில் வருகிறது என்று பேசவில்லை. 1990களின் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு, மாவட்டங்களுக்கும் அரசு பஸ் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயரை 1997இல் எடுத்தார்கள். பெயர் போயிற்று. பிறகு பிள்ளைகளின் கையில் கயிறு வந்தது. கயிற்றின் நிறத்தைப் பார்த்து பஸ்ஸில் இடம் விடுகிற காலம் வந்தது. 2022இல் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் கயிற்றால் வந்த சண்டையில் ஒரு பையன் செத்தே போனான். அங்கே அரிவாள் வரவில்லை. கல்லும் கையும் போதுமாக இருந்தது.

நாங்குநேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த அரிவாள் பள்ளி வாசலைத் தாண்டவே இல்லை. ராத்திரி வீட்டுக்குப் போனது. ஸ்ரீவைகுண்டத்து அரிவாள் பஸ்ஸை மறித்தது. நாங்குநேரிப் பையன் நாம் கேட்கிறபடிதான் நடந்தான். தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமல் நின்றான், கேட்டபோது யார் என்ன செய்கிறார்கள் என்று சொன்னான். சொன்னதற்குப் பிறகுதான் வெட்டு விழுந்தது. சொன்னவனைக் காப்பாற்ற நம்மிடம் ஏற்பாடு இல்லை. அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து, ப்ளஸ் டூவில் 600க்கு 469 மார்க் எடுத்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை வைத்தது. 2024 ஜூன் 18 அன்று அவர் அறிக்கையைக் கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு என்று சாதி காட்டும் அடையாளங்கள் பள்ளிக்குள் வேண்டாம், பெயரின் அகரவரிசையில் பிள்ளைகளை உட்காரவையுங்கள், 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரைப் போடுங்கள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். உட்காரவைப்பதை மாற்ற அரசாணை வர வேண்டியதில்லை. நாளைக் காலையில் செய்யலாம். நான் அப்படித்தான் உட்காரவைத்தேன். பெற்றோர் இரண்டு பேர் வந்து சண்டை போட்டார்கள், மூன்றாம் வாரம் அடங்கிவிட்டார்கள்.

தீர்மானத்தில் சட்டச் சிக்கலும் இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது. ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு உங்கள் தீர்மானம் செல்லாது. குற்றமே செய்திருந்தாலும் 18 வயதுக்குக் கீழே இருந்தால் இளைஞர் நீதிச் சட்டப்படி விசாரிக்க வாரியம் இருக்கிறது. அங்கேகூட அவனை, அவன் வீட்டை, அவன் சூழ்நிலையை விசாரித்த பிறகுதான் உத்தரவு போடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பொறுமை கூடாதா?

என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், என் அனுபவத்துக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

ஆயுதத்தை வாங்கிய அன்றைக்கு டீசிப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஆபத்து என்று தோன்றினால் அந்தப் பிள்ளையை இரண்டு மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள், பெற்றோர் பொறுப்பில். அதற்குள் அவனிடம் உட்கார்ந்து பேச ஒருவரை நியமியுங்கள். அவன் நம்புகிற டீச்சராக இருக்கட்டும். சத்துணவு சமைக்கும் அக்காவாக இருந்தாலும் சரி. இது யாருடைய பொருள், எத்தனை நாளாகப் பையில் இருக்கிறது, யாருக்கெல்லாம் தெரியும், யாரை நினைத்து எடுத்தாய், யாரைக் கண்டு பயந்து எடுத்தாய்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன்.

அவன் ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயருக்குரியவனையும் கூப்பிடுங்கள். பை காலியாக இருந்தாலும் கூப்பிடுங்கள். அவன் ஆபத்தில் இருக்கிற பிள்ளையாக இருக்கலாம், ஆபத்தாக இருக்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். வாய்க்கால் பாலம், பஸ் ஸ்டாப், டவுன் பஸ்ஸின் பின் படிக்கட்டு, இவற்றையெல்லாம் பள்ளியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் ஒரு பி.டி. சார் சாயங்காலம் பிள்ளைகளோடே பஸ்ஸில் மூன்று ஸ்டாப் போய்த் திரும்பி வருவார். அவர் இருந்த வருஷங்களில் அந்த ரூட்டில் சண்டை நடந்து நான் கேள்விப்படவில்லை.

மெய்யாகவே வெட்ட வேண்டும் என்று ஏற்பாட்டோடு வந்தவன் என்று தெரிந்தால் போலீசும் வாரியமும் பார்த்துக்கொள்ளட்டும், அதைத் தடுக்க நான் யார்? ஆனால் அவனும் ஒரு நாள் திரும்பி வருவான். அவன் பரீட்சை எழுத ஒரு வழி வைத்துவிட்டு அனுப்புங்கள். டீசியோடு தெருவில் நிற்கிற பதினைந்து வயதுப் பையனை எடுத்துக்கொள்ள நம் ஊர்களில் ஆள் காத்துக்கொண்டிருக்கிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சொல்லவந்த பிள்ளையின் பெயரை உயிர் போனாலும் வெளியே விடாதீர்கள். "மாணவர் மனசு" என்று ஒரு பெட்டி பள்ளிகளில் வைத்திருக்கிறோம். நான் போன பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலிலேயே, எல்லார் கண்ணுக்கும் படுகிற இடத்தில் தொங்குகிறது. அதில் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்? தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாட்டுங்கள், பெண்பிள்ளைகளின் கழிப்பறைப் பக்கம் ஒன்று மாட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, கல்வித்துறை உதவி எண் 14417, இந்த இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதவையுங்கள். ஒரு சீட்டு வந்து, அதனால் ஒரு சண்டை தடுக்கப்பட்டு, யாரும் பள்ளியை விட்டுப் போகாமல் இருந்தால், அது எப்படியோ பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அடுத்த சீட்டு தானாக வரும்.

அடுத்த கூட்டத்துக்கு நான் வருகிறேன். தீர்மானத்தில் "எந்த விளக்கமும் கேட்காமல்" என்பதை அடித்துவிட்டு, "பிள்ளையையும் பெற்றோரையும் உடனிருந்த பிள்ளைகளையும் விசாரித்த பிறகு" என்று எழுதும்படி கேட்பேன். "அன்றே" என்ற சொல்லையும் எடுக்கச் சொல்வேன். விசாரிக்க ஆள் இல்லை, நேரம் இல்லை என்றால் நான் வந்து உட்காருகிறேன். என்னைப் போல ஓய்வில் இருக்கிற டீச்சர்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம், சம்பளம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அந்தக் கத்தரி இன்னும் தலைமையாசிரியர் அறை அலமாரியில்தான் இருக்கிறது. கேட்டு வாங்கப் பயந்துகொண்டு அந்த அம்மா வரவில்லை. பக்கத்து வீட்டுக் கத்தரியை இரவல் வாங்கி, அவர்கள் இலை வெட்டி முடித்த பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து வெட்டுகிறாள். மகள் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு படிக்கிறாள். தயவுசெய்து அதை நாளைக்கே கொடுத்தனுப்புங்கள். சாணைக்காரர் செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறார், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருத்தி,
முக்கூடல் பக்கம்.